இடிந்த கோட்டை, புத்தம் புதுசு!



கோட்டை பழசானால் இடியும். ஆனால் இடிந்த கோட்டையையே புதுசாகக் கட்டினாங்க என்றால் நம்புவீர்களா? 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பணக்காரர்கள் தங்கள் தோட்டங்களில் அப்படித்தான் கட்டினார்கள். அதற்கு ‘ஃபாலி’ என்று பெயர். ஃபாலி என்றால் மடத்தனம். பேர் வைத்தவர் சரியாகத்தான் வைத்திருக்கிறார்!

பாத் நகரத்துக்கு மேலே மலையில் 1762-ல் ரால்ஃப் ஆலன் என்ற கல் குவாரி முதலாளி ஒரு கோட்டை கட்டினார். கீழே இருந்து பார்த்தால் வாசல், கோபுரம் எல்லாம் தெரியும். பின்பக்கம் போனால் ஒன்றுமே கிடையாது, வெறும் சுவர்தான். சினிமா செட்டிங் மாதிரி!

ஏன் இந்த ஆசை? கிளாட் லொரைன் போன்ற ஓவியர்கள் இத்தாலியின் பழைய கோயில்களையும் இடிபாடுகளையும் வரைந்திருந்தார்கள். அந்தப் படத்துக்குள்ளேயே நடந்துபோவது போல் தோட்டம் வேண்டும் என்று நினைத்தார்கள். ஏரி, மேடு, மரக்கூட்டம், தூரத்தில் ஒரு மண்டபம். சிலர் அதில் கேலியும் செய்தார்கள். ஸ்டோ தோட்டத்தில் ‘பழங்கால ஒழுக்கம்’ என்ற கோயில் முழுசாக இருக்கும். பக்கத்திலேயே ‘இக்கால ஒழுக்கம்’ என்ற கோயிலை இடிந்ததாகவே கட்டினார்கள். அன்றைய அரசியல்வாதிகளுக்குக் குத்தல்! பெயின்ஸ்ஹில் தோட்டத்துக் குடிலில் உட்காரச் சம்பளத்துக்கு ஒரு துறவியை வைத்தார்களாம். ஏழு வருஷம் பேசக்கூடாது, முடி வெட்டக்கூடாது. அவர் மூன்றே வாரத்தில் வேலையை இழந்தார் என்று கதை சொல்கிறார்கள்.

இதுவரை சிரித்துக்கொண்டே படித்தேன். அடுத்த விஷயத்தில் சிரிப்பு வரவில்லை.

டார்செட் பகுதியில் ஜோசப் டேமர் என்ற பிரபுவின் மாளிகை பக்கத்திலேயே மிடில்டன் என்ற ஊர் இருந்தது. கடைகள், பள்ளிக்கூடம், சந்தை எல்லாம் உள்ள நிஜ ஊர். பார்வைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று 1770-களிலிருந்து வீடு வீடாக இடித்துவிட்டார். பக்கத்துப் பள்ளத்தாக்கில் மில்டன் அப்பாஸ் என்று ஒரு புது ஊர் கட்டினார். ஒரே மாதிரி கூரை வீடுகள், ஒரு வீட்டுக்கு இரண்டு குடும்பம். அதே காலத்தில் வேறு பிரபுக்கள் காசு கொடுத்துப் பொய் இடிபாடு கட்டிக்கொண்டிருந்தாங்க!

பக்கத்து நாடான அயர்லாந்தில் கேதரின் கொனலி என்ற அம்மையார் செய்தது வேறு. 1740-ல் கடுங்குளிரால் அங்கே பஞ்சம் வந்தது. ஏழைகளுக்குக் கூலி கிடைக்கட்டும் என்று 140 அடி உயரத்தில் வளைவுகளும் தூணுமாக ஒன்றைக் கட்ட வைத்தார். அதற்குள் யாரும் குடியிருக்க முடியாது. அதையும் ஃபாலி என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பேர் பிடிக்கவில்லை.