மலைப்பிரதேசங்களில் பருவகால உறைநிலம்: செல்வாக்குச் செலுத்தும் காரணிகள்

குளிர்காலத்தில் உறைந்து, கோடையில் முற்றாக உருகிவிடும் மண்படை பருவகால உறைநிலம் எனப்படும். தொடர்ந்து 2 வருடங்களோ அதற்கு மேலோ 0 பாகை செல்சியஸிலோ அதற்குக் கீழோ இருப்பது நிலைத்த உறைநிலம். இவ்விரண்டையும் குழப்பி எழுதிப் புள்ளிகளை இழக்காதீர்கள். நுவரெலியாவில் சில விடியற்காலைகளில் தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் உறைபனியையும் உதாரணமாகக் காட்ட வேண்டாம். அது இலைகளிலும் தரையின் மேலும் படிந்து, வெயில் ஏறியதும் மறைந்துவிடும். திபெத் மேட்டுநிலமே பொருத்தமான உதாரணம்.

பிரதான காரணி குத்துயரம். 1000 மீற்றர் உயரும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை குறைகின்றது. லாசா நகரம் ஏறத்தாழ 3650 மீற்றர் உயரத்திலும், அந்நகருக்குச் செல்லும் புகையிரதப் பாதையின் தங்குலா கணவாய் 5072 மீற்றர் உயரத்திலும் உள்ளன. கணக்கிட்டுப் பாருங்கள்: வித்தியாசம் ஏறத்தாழ 9 பாகை. எனவேதான் லாசாவில் பருவகால உறைநிலமும் தங்குலாவில் நிலைத்த உறைநிலமும் காணப்படுகின்றன.

சாய்வு நோக்கும் திசையும் முக்கியமானது. வட அரைக்கோளத்தில் தெற்கு நோக்கிய சாய்வு கூடுதலான சூரிய ஒளியைப் பெறும். ஆகவே ஒரே மலையில், ஒரே உயரத்தில், வடக்குச் சாய்விலேயே மண் ஆழமாக உறையும்.

மழைப்பனி பற்றியே மாணவர் பலர் தலைகீழாக எழுதுகின்றனர். தடித்த மழைப்பனிப் படை மண்ணைக் குளிரச் செய்வதில்லை. போர்வை போல மண்ணின் வெப்பம் வெளியேறாது காக்கின்றது. மழைப்பனி குறைந்த இடத்தில்தான் குளிர் ஆழமாக இறங்கும். மெல்லிய படையோ ஒளியைத் தெறிக்கச் செய்வதால் குளிர்ச்சியைக் கூட்டவும் கூடும்.

ஈரமான மண்ணில் நீர் உறையும்போது மறைவெப்பம் வெளிவருவதால் உறைதல் தாமதமாகும். புல், பாசி, உக்கல் படை என்பனவும் வெப்பக் கடத்தலைத் தடுக்கின்றன.

இதன் விளைவு மனிதரையும் பாதிக்கின்றது. நீர் உறைந்தால் கனவளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடும். அத்துடன் நுண்மணல் மண் கீழிருந்து நீரை இழுத்து மேலும் பனிக்கட்டியாக்குவதால் வீதிகள் மேலெழுந்து வெடிக்கின்றன. 2006 இல் லாசாவரை திறக்கப்பட்ட புகையிரதப் பாதையில், மண்ணைக் குளிராக வைத்திருக்கப் பல இடங்களில் உடைகல் அணைகள் இடப்பட்டன. வசந்தத்தில் அடிமண் உறைந்தே இருப்பதால் உருகிய நீர் உட்புக முடியாது. சாய்வுகளில் மேல்மண் வழுக்கி இறங்கும்.

பயிற்சி வினா: ஒரே குத்துயரத்திலுள்ள இரு சாய்வுகளில் மண் உறையும் ஆழம் வேறுபடுவதற்கான காரணங்கள் மூன்றினை விளக்குக. (குத்துயரத்தை எழுதினால் புள்ளி இல்லை.)