ஆனந்தின் குதிரையும் உன் எஞ்சினும்: அக்காவின் டிப்ஸ்

தம்பி, உன் போனில் இருக்கும் செஸ் எஞ்சின் பெரிதா, உன் கூட்டாளியின் லேப்டாப்பில் இருப்பது பெரிதா என்று நீங்கள் போடுகிற சண்டை நாரணாபுரம் முழுக்கக் கேட்கிறது. சண்டையை விட்டுவிட்டுச் சோதித்தே பார்த்துவிடலாம். ஆனால் இப்போது நீங்கள் சோதிக்கிற முறையில் எதுவும் நிரூபணமாகாது. ஏதோ ஒரு புதிரைப் போட்டு, எது முந்திக்கொண்டு விடை காட்டுகிறதோ அது ஜெயித்தது என்கிறீர்கள். அந்த ஒரு முடிவுக்குள் போனின் சூடு, பேட்டரி, எஞ்சினின் நினைவகம் எல்லாம் கலந்து கிடக்கின்றன. அதையெல்லாம் பிரித்தெடுக்கத்தான் இந்தக் குறிப்புகள்.

முதல் வேலை, நல்ல நிலை ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. அதற்கு மயிலாடுதுறையில் பிறந்த நம் விஸ்வநாதன் ஆனந்தின் ஆட்டமே இருக்கிறது. 2013 ஜனவரி, நெதர்லாந்தின் வைக் ஆன் ஜீ, டாடா ஸ்டீல் போட்டி. ஆனந்துக்குக் கறுப்புக் காய்கள், எதிரே லெவோன் அரோனியன். 23 நகர்த்தல்களில் ஆட்டம் முடிந்துவிட்டது. அரோனியன் தன் 16வது நகர்த்தலாக மந்திரியை இ2-க்குக் கொண்டுவந்த நொடியில் பலகையை நிறுத்து. எஞ்சின்களைச் சோதிக்க ஏற்ற நிலை அது.

காய்களை இப்படி அடுக்கு. வெள்ளை: ராஜா ஜி1, ராணி சி2, யானைகள் ஏ1, எஃப்1, மந்திரிகள் சி1, இ2, குதிரைகள் சி3, எச்7, சிப்பாய்கள் ஏ3, பி2, டி4, எஃப்4, ஜி2, எச்2. கறுப்பு: ராஜா ஜி8, ராணி டி8, யானைகள் சி8, எஃப்8, மந்திரிகள் பி7, சி5, குதிரைகள் டி7, ஜி4, சிப்பாய்கள் ஏ7, பி5, இ6, எஃப்7, ஜி7. கறுப்பு ஆட வேண்டும். ஆப்பில் நிலையை உள்ளிடும்போது கோட்டை கட்டும் உரிமைக்கான நான்கு கட்டத்திலும் டிக்கை எடுத்துவிடு. இருபக்க ராஜாவும் ஏற்கெனவே கோட்டை கட்டியாகிவிட்டது.

இப்போது எஞ்சினைத் தொடாதே. மரப்பலகையில் அடுக்கி வைத்து நீ யோசி. குகேஷ் 2500 ரேட்டிங் அருகே போகும்வரை எஞ்சின் இல்லாமல்தான் பயிற்சி எடுத்தார். பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா அப்படி ஒரு பாதையை அவருக்கு அமைத்துக்கொடுத்தார். அந்தப் பையன்தான் 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். சோதனைக்கும் இது அவசியம். நிலையில் எங்கே வலி, எங்கே பயம் என்று உனக்கே தெரியாவிட்டால், எஞ்சின் காட்டுகிற விடை காரணத்தோடு வந்ததா, தற்செயலாக வந்ததா என்று உன்னால் சொல்ல முடியாது. அரை மணி நேரம் கொடு. கண்டுபிடிக்க முடியாவிட்டால் பரவாயில்லை, என்னென்ன நகர்த்தல்களை யோசித்தாய் என்று மட்டும் எழுதி வை.

யோசித்தாயிற்றா? இனி விடை. டி7-ல் இருக்கும் குதிரை இ5-க்குப் போகிறது.

அந்த நகர்த்தலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இரு தம்பி. சி5 மந்திரியை வெள்ளையின் டி4 சிப்பாய் ஏற்கெனவே வெட்டத் தயாராக இருக்கிறது. ஜி4 குதிரையை இ2 மந்திரி வெட்டலாம். எஃப்8 யானையை எச்7 குதிரை வெட்டலாம். அந்த எச்7 குதிரையை ராஜாவால் எடுக்கவும் முடியாது, சி2-லிருந்து ராணி அதற்குக் காவல் நிற்கிறது. இத்தனையும் தொங்கிக்கொண்டிருக்கும்போது ஆனந்த் எதையும் காப்பாற்றவில்லை. நான்காவதாக இன்னொரு காயையும் எஃப்4 சிப்பாயின் வாயில் கொண்டுபோய் வைத்தார். அந்தச் சிப்பாய் குதிரையை வெட்டினால், கறுப்பு ராணி டி4-ஐ வெட்டிச் செக் வைக்கும். ராஜா எச்1 மூலைக்கு ஒதுங்கினால் ராணி நேராக ஜி1-க்குப் போய் மறுபடி செக். அந்த ராணியை யானை வெட்டியே ஆக வேண்டும், ஏனென்றால் சி5 மந்திரியின் காவல் அதற்கு இருக்கிறது. வெட்டியதும் ஜி4 குதிரை எஃப்2-க்கு வர, சொந்தக் காய்களுக்கு நடுவே மூச்சுமுட்டி ராஜா மேட். டி4 சிப்பாயாலோ அந்தக் குதிரையை வெட்டவே முடியாது, அது நகர்ந்தால் சி5 மந்திரியின் வழி திறந்து ராஜாவுக்குச் செக் ஆகிவிடும். இதை எத்தனை முறை பலகையில் ஓட்டிப் பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

இப்போது எஞ்சினுக்கு ஏன் இது கஷ்டம் என்று புரிந்துகொள். இப்படியொரு நிலையில் முப்பது, நாற்பது நகர்த்தல்கள் சாத்தியம். எஞ்சின் எல்லாவற்றையும் ஒரே ஆழத்துக்குத் தோண்டுவதில்லை. தோண்டினால் அதிக ஆழம் போக முடியாது. நல்லது என்று முதலில் படுகிற சிலவற்றை ஆழமாகப் பார்க்கும். வரிசையில் பின்னால் நிற்பவற்றை ஆழம் குறைத்து மேலோட்டமாகப் பார்க்கும். அந்த மேலோட்டமான பார்வையில் ஏதாவது தட்டுப்பட்டால்தான் திரும்பி வந்து முழுசாகத் தோண்டும். காயை மேலும் மேலும் இழக்கிற நகர்த்தல் இயல்பாகவே வரிசையின் பின்னால் போய்விடும். அதனால் விடை என்ன என்பதைவிட அது எப்போது மேலே ஏறி வருகிறது என்பதுதான் நீ பார்க்க வேண்டியது.

அதற்கான அமைப்புக்கு வருவோம். இங்கேதான் உங்கள் இருவருக்கும் பிழை நடக்கிறது.

ஹாஷ் என்று ஒரு அமைப்பு இருக்கும். எஞ்சின் தான் பார்த்த நிலைகளைக் குறித்துவைக்கும் நினைவகம் அது. விடையை ஒரு முறை நகர்த்திக் காட்டிவிட்டு, பின்னால் வந்து மறுபடி தேடச் சொன்னால், அது கண்டுபிடிக்காது, நினைவிலிருந்து எடுத்துத் தரும். ஒவ்வொரு சோதனைக்கும் முன் ஹாஷைக் காலி செய். அந்தப் பொத்தான் இல்லாத ஆப் என்றால் முழுக்க மூடித் திற. இரண்டு கருவியிலும் ஹாஷ் அளவு ஒன்றாக இருக்கட்டும்.

திரெட் என்பது எஞ்சின் ஒரே நேரத்தில் நடத்தும் தேடல்களின் எண்ணிக்கை, அதை ஒன்று மட்டும் வை. பல திரெட் கொடுத்தால் வேகம் கூடும், ஆனால் அதே நிலை, அதே எஞ்சின், அதே லேப்டாப்பில்கூட ஒவ்வொரு முறையும் வேறு வேறு நேரம் காட்டும். பல திரெட் வைத்தே பார்க்க வேண்டும் என்றால் பலமுறை ஓட்டி, நடுவில் விழுகிற நேரத்தை எடுத்துக்கொள். மிகக் குறைந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டு குதிக்காதே.

அடுத்தது வெயில். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில், மெத்தைமேல் வைத்த லேப்டாப் சீக்கிரமே கொதித்துப்போய்த் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். போன் இன்னும் மோசம். முதலில் சோதிக்கிற எஞ்சினுக்குக் குளிர்ந்த கருவி, இரண்டாவதற்குக் கொதிக்கிற கருவி என்றால் அது நியாயமில்லை. விடிகாலையில், கெட்டியான மேசைமேல் வைத்துச் சோதி. சார்ஜரில் இருக்கட்டும், பேட்டரியில் ஓடும்போது பல லேப்டாப்கள் வேகத்தைக் குறைக்கும். இரண்டு சோதனைக்கு நடுவே கருவியை ஆறவிடு. இதையெல்லாம் மீறி இரண்டு வெவ்வேறு கருவிகளை ஒப்பிட வேண்டும் என்றால் கடிகாரத்தைப் பார்க்காதே, நோடு எண்ணிக்கையைப் பார். எத்தனை நிலைகளை அலசிய பிறகு விடை கிடைத்தது என்பதுதான் அந்த எண்.

டெப்த் 30, டெப்த் 40 என்று நீங்கள் பெருமையடிக்கிறீர்களே, அதை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு எஞ்சினும் தனக்கென்று ஒரு விதத்தில் ஆழத்தைக் கணக்கிடுகிறது. ஒன்றின் 30-ஐ இன்னொன்றின் 30-ஓடு வைத்துப் பார்ப்பதில் பொருளே இல்லை.

லிசெஸ் தளத்தில் பார்க்கிறாய் என்றால் இன்னொரு எச்சரிக்கை. பிரபலமான நிலைகளுக்கு யாரோ முன்பே அலசிச் சேமித்த மதிப்பீடு உடனே வந்து நிற்கக்கூடும். அதை உன் எஞ்சின் கண்டுபிடித்ததாக நினைத்துவிடாதே. இதற்கு எனக்குப் பிடித்த வழி, நிலையின் நிறத்தை மாற்றிவிடுவது. எட்டாவது வரிசையில் இருப்பதை முதல் வரிசைக்கும், ஏழை இரண்டுக்கும் கொண்டுவந்து, கறுப்பை வெள்ளையாக்கு. இப்போது வெள்ளை ஆட வேண்டும். டி2 குதிரை இ4-க்குப் போவதுதான் விடை. நிலை அதேதான், ஆனால் சேமித்துவைத்த பழைய மதிப்பீட்டில் இது இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

சரி, ஓடவிட்டாயிற்று. எதைக் குறிப்பது? எங்கள் தலைமுறையில் எல்லாரும் சிவகாசியில் அச்சான பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில்தான் கணக்குப் போட்டோம், நீயும் அதையே எடு. எஞ்சின் பெயர், பதிப்பு எண், ஹாஷ், திரெட் எல்லாம் மேலே எழுது. பதிப்பு எண்ணை விட்டுவிடாதே. ஸ்டாக்ஃபிஷ் 2008-ல் தொடங்கிய எஞ்சின். 2020 செப்டம்பரில் வந்த அதன் 12வது பதிப்பில்தான் நிலையை மதிப்பிட நியூரல் நெட்வொர்க் சேர்ந்தது. ஷோகி என்ற ஜப்பானியச் சதுரங்கத்துக்காக யு நாசு என்பவர் உருவாக்கிய முறை அது. ஆக 11-ம் 12-ம் பெயரளவில்தான் ஒன்று.

பிறகு, சரியான நகர்த்தல் முதலிடத்துக்கு ஏறிய நேரத்தைக் குறி. அதோடு நிறுத்தாதே. ஏறிவிட்டு இறங்கி, வேறொன்றைக் காட்டி, மறுபடி ஏறுவது எஞ்சினின் வழக்கம். எப்போது ஏறி அதற்குப் பின் இறங்கவே இல்லையோ அந்த நேரம்தான் கணக்கு. பக்கத்தில் மதிப்பீட்டு எண்ணையும் எழுது. குதிரை இ5 என்று காட்டிக்கொண்டே எண் பூஜ்யத்தைச் சுற்றி நின்றால், எஞ்சின் இன்னும் வெற்றியைப் பார்க்கவில்லை, வேறு வழியில்லாமல் அதைக் காட்டுகிறது என்று பொருள். சில ஆப்களில் எண் வெள்ளையின் பக்கமிருந்து வரும், சிலவற்றில் ஆடுகிறவர் பக்கமிருந்து வரும். கழித்தல் குறியைப் பார்த்துப் பயப்படுமுன் இதைச் சரிபார்.

மல்டி பிவி என்ற அமைப்பை மூன்றாக வைத்துத் தனியாக ஒருமுறை ஓட்டு. முதல் மூன்று நகர்த்தல்களின் மதிப்பும் தெரியும். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நல்ல இடைவெளி இருந்தால்தான் அது சோதனைக்கு ஏற்ற நிலை. இரண்டுமே ஜெயிக்கும் என்றால், எது மேலே வந்தது என்பதில் ஒன்றுமில்லை. நேரம் குறிக்கிற ஓட்டத்தில் மட்டும் மல்டி பிவி ஒன்றாகவே இருக்கட்டும், மூன்றுக்கு வேலை அதிகம்.

இதே ஆட்டத்தில் இரண்டாவது சோதனை ஒன்றும் ஒளிந்திருக்கிறது. அரோனியன் மந்திரியால் ஜி4 குதிரையை வெட்டினார். ஆனந்தின் மந்திரி டி4-ஐ வெட்டிச் செக், ராஜா எச்1, குதிரை ஜி4-ஐ வெட்டியது, வெள்ளைக் குதிரை எஃப்8 யானையைத் தின்றது. இந்த இடத்தில் யாராக இருந்தாலும் அந்தக் குதிரையைத் திருப்பி வெட்டத்தான் கை போகும். ஆனந்த் அமைதியாக எஃப்7 சிப்பாயை எஃப்5-க்கு நகர்த்தி ஜி4 குதிரைக்கு முட்டுக் கொடுத்தார். செக்கும் இல்லை, வெட்டும் இல்லை. இந்த மாதிரி சத்தமில்லாத நகர்த்தலை உன் எஞ்சின் எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறது என்று பார். எனக்கு முதல் சோதனையைவிட இதுதான் அதிகம் சொல்கிறது.

உன் எஞ்சின் இரண்டையும் சட்டென்று பிடித்துவிட்டால் நிலையை மாற்று. 1998-ல் லினாரஸ் போட்டியில் டோபலோவுக்கு எதிராக அலெக்ஸி ஷிரோவ் தன் 47வது நகர்த்தலில் மந்திரியை எச்3-ல் சும்மா விட்டுக்கொடுத்த நிலையைத் தேடி எடு. வெள்ளை: ராஜா ஜி1, மந்திரி சி3, சிப்பாய்கள் ஜி2, எச்4. கறுப்பு: ராஜா இ6, மந்திரி எஃப்5, சிப்பாய்கள் ஏ4, டி5, எஃப்6, ஜி6. தன் ராஜா இ4-க்குப் போக ஒரு அடி மிச்சமாக வேண்டும் என்பதற்காக ஒரு மந்திரியையே கொடுத்தார். அக்காலத்து எஞ்சின்களை வெகுநாள் திணறடித்தது இது. அதையும் தாண்டினால் ‘பிளாஸ்கெட் புதிர்’ இருக்கிறது. கைஸ் வான் பிரூகலன் அமைத்தது. 1987-ல் பிரஸ்ஸல்ஸ் போட்டியில் கூடியிருந்த கிராண்ட்மாஸ்டர்களுக்கு பிளாஸ்கெட் என்பவர் அதைக் காட்ட, மிகைல் தால்தான் விடை கண்டார். 2021-ல் ஷிவா மகராஜ், நிக் போல்சன், அலெக்ஸ் டர்க் மூவரும் இதே புதிரை ஸ்டாக்ஃபிஷுக்கும் லீலா என்ற இன்னொரு எஞ்சினுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். ஸ்டாக்ஃபிஷ்தான் முன்னே நின்றது. லீலா தன் நெட்வொர்க் கைகாட்டுகிற சில நகர்த்தல்களை மட்டும் நம்பிப் போகும். விசித்திரமான விடையை அந்த நெட்வொர்க் ஒதுக்கிவிட்டால் திரும்பி வர வெகுநேரமாகும்.

எல்லா நிலையும் சோதனைக்கு ஆகாது என்பதற்கு குகேஷ் ஜெயித்த சிங்கப்பூர் போட்டியின் 14வது ஆட்டமே போதும். அவரை எதிர்த்து ஆடிய டிங் லிரென் 55வது நகர்த்தலில் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்தார். யானையையும் மந்திரியையும் மாற்றிக்கொண்டு சிப்பாய் ஆட்டத்தில் ஜெயிக்கலாம் என்பதை எந்த எஞ்சினும் கண் மூடித் திறப்பதற்குள் சொல்லும். அது உன்னைச் சோதிக்கிற நிலை.

ஒன்று முக்கியம். ஒரு நிலையில் முந்தியதால் ஒரு எஞ்சின் பலசாலி ஆகிவிடாது. பட்டாசு செய்கிற பயர் ஆபீஸில் ஒரே ஒரு வெடியைக் கொளுத்திப் பார்த்துவிட்டு மொத்தச் சரக்கும் நல்லது என்று யாரும் சொல்வதில்லை. ஸ்டாக்ஃபிஷில் ஒரு சின்ன மாற்றம் செய்தால்கூட, ஃபிஷ்டெஸ்ட் என்ற அமைப்பில் தன்னார்வலர்களின் கணினிகளில் ஆயிரக்கணக்கான ஆட்டங்களை ஓட்டிப் பார்த்த பிறகே சேர்க்கிறார்கள். நீங்களும் இரண்டு எஞ்சின்களையும் ஒரே கருவியில், நிறம் மாற்றி மாற்றி மோதவிடுங்கள். கணினியில் இதற்கு அரீனா என்ற மென்பொருள் இருக்கிறது, இலவசம். யாரிடமும் காசு கொடுத்து எஞ்சின் வாங்காதே.

எல்லாம் முடிந்ததும் ஆனந்தின் நிலைக்குத் திரும்பி, வெள்ளைப் பக்கம் நீ உட்கார்ந்து, எஞ்சினைக் கறுப்பாக ஆடவிடு. தப்பிக்க உனக்குத் தோன்றுகிற வழிகளையெல்லாம் முயன்று பார். ஒவ்வொன்றும் எப்படி அடைபடுகிறது என்று எழுது. மறுநாள் பக்கம் மாறி, நீ கறுப்பாக அதே நிலையை ஜெயித்துக் காட்டு. போட்டி நாளில் மட்டும் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ. ஆட்டத்தின்போது அது உன் பையில் இருந்தது தெரிந்தாலே ஆட்டத்தை இழக்க நேரிடலாம்.