சொந்த ஊர் எது?

கோத்தகிரி, நீலகிரி

அன்புள்ள பேரனுக்கு, ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்தது. விடுதித் தோழன் ஒருவன் சொந்த ஊர் எது என்று கேட்டதற்குக் கோத்தகிரி என்று சொல்லத் துணியாமலும், இலங்கையிலுள்ள அட்டன் என்று சொல்லக் கூசியும், என் பாட்டனார் விட்டு அங்கே போனதாகக் கேள்விப்பட்டதன்றி நம்மில் ஒருவரும் கண்ணால் காணாத திருச்சி ஜில்லாக் கிராமம் ஒன்றின் பெயரைச் சொல்லிவிட்டதாகவும், அன்று முதல் மனம் நிலைகொள்ளவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். அந்த வேதனையோடு ஐம்பது வருஷம் வாழ்ந்தவன் நான், ஆகவே சொல்கிறேன்.

1948-இல் இலங்கை சுதந்திரம் பெற்ற கையோடு இயற்றப்பட்ட பிரஜாவுரிமைச் சட்டம், அந்த மண்ணில் பிறந்தது மட்டும் போதாது, தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையேல் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்று விதித்தபோது, கொழுந்துக் கூடையன்றி வேறு ஆஸ்தி அறியாத தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் வாழ்ந்த நம் ஜனங்கள் எந்தப் பத்திரத்தைக் கொண்டு அதை ருசுப்படுத்துவார்கள்? 1964 அக்டோபர் 30-ஆம் தேதி இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோ அம்மையாரும் செய்துகொண்ட ஒப்பந்தம், நாடற்றவர்களாகிவிட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பாகம் பிரித்தது. எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரைப் பத்து வருஷம் கழித்துச் சரிபாதியாக்கினார்கள். என் தாயார் இந்தியக் கணக்கில் விழுந்தார். அவருடைய தமக்கை இலங்கைக் கணக்கில்.

இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு ஏற்றிப்போன ரயிலுக்கு எங்கள் ஜனங்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. புறப்படுகிற அன்று, அம்மியைப் பெரியம்மாவின் காம்பிராவில் விட்டுவிட்டுக் குழவியை மாத்திரம் பழஞ்சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டார் என் தாயார். இக்கரை வந்து, மண்டபம் முகாமில் ஒரு தட்டைக் கல்லின் மேல் அதை வைத்து மிளகாய் அரைத்தார். பிறகு கோத்தகிரிச் சந்தையில் வாங்கிய அம்மியோடு அது இசையவேயில்லை. நடுவில் உருளும், ஓரத்தில் அரைபடாது. இரண்டும் தேய்ந்து ஒன்றுக்கொன்று படிய மூன்று வருஷமாயிற்று. நீ தின்று வளர்ந்த துவையலெல்லாம் அதில் அரைத்ததுதான்.

எங்களைத் 'தாயகம் திரும்பியோர்' என்று சர்க்கார் எழுதிற்று. எங்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே 1968-இல் தேயிலைத் தோட்டம் போட்டதும் அதே சர்க்கார்தான். அந்த உபகாரத்தை நான் மறக்கவில்லை. ஆனால் ஒருநாளும் காணாத ஊருக்கு ஒருவன் எப்படித் திரும்புவான்? அங்கே இந்தியாக்காரர் என்றவர்களும் இங்கே சிலோன்காரர் என்றவர்களும் ஒரே தவற்றைத்தான் செய்தார்கள்: பூர்வீகத்தைக் கேட்டார்களேயன்றி, உழைப்பைக் கேட்கவில்லை.

இதற்காகப் பத்திரத்தைத் துச்சமாக எண்ணிவிடாதே, அப்பா. அது இல்லாதவனுக்கு ஓட்டில்லை, நியாயம் கேட்க நாதியில்லை. அங்கே தங்கிவிட்ட நம்மவரில் பலருக்குப் பிரஜாவுரிமை முழுமையாகக் கிடைக்க 2003-ஆம் வருஷத்துச் சட்டம் வரவேண்டியிருந்தது. நம் குடும்ப அட்டையை நான் இன்றும் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். நாட்டைப் பத்திரம் கொடுக்கும். ஊரை நாம்தான் தேய்ந்து தேய்ந்து உண்டாக்கிக்கொள்ள வேண்டும். ஒருவனுக்கு ஓர் ஊர்தான் இருக்கவேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் விதிக்கவில்லை. அடுத்த முறை கேட்டால், கோத்தகிரி என்று சொல். எங்கள் குடும்பம் அட்டனிலிருந்து வந்தது என்பதையும் தலை நிமிர்ந்து சொல்.

இன்னொன்று. நம் பக்கத்து எஸ்டேட்டில் இப்போது ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பங்கள் கொழுந்தெடுக்கின்றன. 'வடக்கத்தியான்' என்று நம் ஆட்களே அவர்களை ஒதுக்கிப் பேசுவதைக் கேட்கையில் என் நெஞ்சு பதைக்கிறது. அவர்களுடைய பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சாயங்காலம் நம் திண்ணைக்கு வருகிறார்கள். தமிழ் எழுத்து நான் சொல்லிக்கொடுக்கிறேன், கணக்குச் சொல்லித்தர ஆளில்லை. தீபாவளி லீவுக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்து சேர்.

இப்படிக்கு,
உன் தாத்தா