வேட்டைப் பறவைகளும் நம் பிள்ளைகளும்

வானத்தில் வட்டமிடும் பருந்தைக் காட்டி, "அதோ, கோழிக்குஞ்சு தூக்கும் கள்ளன்" என்று சொல்வதே பல வீடுகளில் பிள்ளைகள் பெறும் முதற்பாடம். ஆந்தை அலறினால் கெட்ட சகுனமென்று கதவடைப்பாரும் உண்டு. ஆந்தையைக் கொண்டு சகுனம் பார்ப்பது அறியாமைக் காலத்து வழக்கமென மார்க்கம் விலக்கியிருக்க, அதையே பிள்ளைகளுக்குக் கற்பிப்பது எவ்வாறு பொருந்தும்? ஆகவே இப்பாடத்தைச் செம்மையாகக் கற்பிக்கும் வழியை ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது, பறவையை அறிமுகம் செய்வது. சிங்கப்பூர், பினாங்குக் கடலோரங்களில் அடிக்கடி காண்பது செம்பருந்து. தலையும் மார்பும் வெண்மை. மற்ற உடல் செங்கல் நிறம். நீரில் மிதக்கும் செத்த மீனையும் கழிவையும் பொறுக்கித் தின்று துறைமுகத்தைச் சுத்தம் செய்யும் ஊழியன் அது. லங்காவித் தீவின் பெயரே, பருந்தைக் குறிக்கும் 'ஹெலாங்' என்ற மலாய்ச் சொல்லிலிருந்து வந்ததென்பர். அங்கே குவா பட்டணத்துக் கரையில் 12 மீட்டர் உயரச் செம்பருந்துச் சிலை நிற்கிறது. பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் போர்ட் டிக்சனுக்கு அருகிலுள்ள தஞ்சோங் துவான் முனைக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றால், சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து வடக்கே திரும்பும் தேன்பருந்துகளைக் கூட்டங்கூட்டமாகக் காட்டலாம்.

இரண்டாவது, அடிபட்ட பறவையைக் கண்டால் செய்ய வேண்டுவது. கடை அஞ்சடியில் ஒரு பருந்து விழுந்து கிடக்கிறதென்று வைத்துக்கொள்வோம். பிள்ளை அதைத் தொடாமல் பெரியவர்களை அழைக்க வேண்டும். வேட்டைப் பறவையின் முதல் ஆயுதம் அலகன்று, கால் நகமே. பெரியவர் ஒருவர் தடித்த துவாலையைத் தலையோடு போர்த்தித் தூக்கி, காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் வைத்து மூடி, இருட்டான அமைதியான இடத்தில் வைக்கலாம். இருட்டில் பறவையின் பயம் தணியும். வாயில் நீர் ஊற்றினால் அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். பாலும் ரொட்டியும் அதற்கு ஒவ்வா. உடனே சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகத்துக்கும், மலேசியாவில் வனவிலங்கு இலாகாவாகிய பெர்ஹிலித்தானுக்கும் தகவல் கொடுக்க வேண்டும்.

குஞ்சைக் கண்டால் இன்னும் நிதானம் தேவை. இறகு முளைத்துப் பறக்கப் பழகும் குஞ்சு தரையில் இருப்பதனால் மட்டும் அநாதையாகிவிடாது; தாய் அருகிலேயே இரை கொண்டுவரக் காத்திருக்கும். இரக்கத்தால் வீட்டுக்கு எடுத்து வந்து வளர்ப்பது உபகாரமன்று. எலும்பில்லாத இறைச்சியை மட்டும் தின்னும் குஞ்சுக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து எலும்பு வளைந்துபோகும். மனிதனையே தன் இனமென்று எண்ணி வளரும் பறவை, பின்பு காட்டில் பிழைக்காது. அன்றியும், உரிமமின்றிக் காட்டுப் பறவையைப் பிடித்து வைப்பதை இரு நாட்டுச் சட்டங்களும் தடுக்கின்றன.

மூன்றாவது, சிகிச்சையின் நோக்கம். முறிந்த சிறகைக் கட்டுப்போட்டு ஆற்றுவதோடு மருத்துவர் வேலை முடிவதில்லை. ஒடிந்த இறகுகளுக்குப் பதிலாக, அதே இனத்துப் பறவை உதிர்த்த இறகுகளை ஒட்டிவைக்கும் முறையும் உண்டு. இது வல்லூறு வளர்ப்போர் பழங்காலந்தொட்டுக் கையாளும் வித்தை. பின்பு நீண்ட கூண்டில் பறக்கவிட்டு வலிமை சேர்ப்பார்கள். தானாகப் பறந்து இரை தேடும் ஆற்றல் வந்த பின்னரே விடுதலை. திருப்பி விடுவதற்காகவே பராமரிக்கிறோம் என்ற இந்த ஒரு கருத்தைப் பிள்ளை பிடித்துக்கொண்டால் பாடத்தில் பாதி முடிந்தது.

மற்றப் பாதி நம் கிட்டங்கியில் இருக்கிறது. அரிசியும் பருப்பும் அடுக்கிய இடத்தில் எலி வரும். எலி மருந்து வைப்பார்கள். இம்மருந்துகளிற் பல இரத்தம் உறையாதபடி செய்பவை. தின்ற எலி உடனே சாவதில்லை; சில நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலிதான் கூகைக்கு எளிதில் அகப்படுவது. எலியின் விஷம் கூகையின் ஈரலில் சேர்ந்து மாதக்கணக்கில் தங்கும். தீபகற்ப மலேசியாவில் எலியை ஒழிக்கச் செம்பனைத் தோட்டங்களில் கூகைக்குப் பெட்டிக்கூடு வைத்து வளர்க்கிறார்கள். ஒரு சோடி, குஞ்சுகளோடு சேர்ந்து, ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட எலிகளைத் தின்னுமென்று கணக்கிட்டிருக்கிறார்கள். அத்தகைய தோட்டமொன்றில் வீரியம் மிகுந்த எலி மருந்து வைத்தபின் கூகைகள் வெகுவாகக் குறைந்தது 1980களிலேயே பதிவாகியிருக்கிறது. கூலி கேளாத காவலாளியை நஞ்சிட்டுக் கொல்வது எந்த வியாபாரிக்கும் இலாபமாகாது.

ஆகையால் மூட்டைகளைச் சுவரைவிட்டுத் தள்ளி, தரையிலிருந்து உயர்த்திப் பலகை மீது அடுக்குவோம். சுவர் ஓட்டைகளைச் சிமெண்டாலும் கம்பி வலையாலும் அடைப்போம். குப்பைத் தொட்டிக்கு மூடி போடுவோம். கம்பிப் பொறி வைப்போம். பசை அட்டையைத் திறந்த வெளியில் வைக்க வேண்டாம், அதில் பறவையும் ஒட்டிக்கொள்ளும். மருந்து தவிர்க்க முடியாதெனில், உரிமம் பெற்ற பூச்சி ஒழிப்பாளரைக் கொண்டு பூட்டிய பெட்டியில் வைத்து, செத்த எலியை அன்றன்றே அகற்றுவோம்.

பருந்தின் மீது இரக்கம் காட்டச் சொல்லிவிட்டு, பின்கட்டில் நஞ்சை இறைத்தால், பிள்ளை எதைக் கற்கும்? நாம் சொல்வதைவிட நாம் செய்வதையே அது பார்க்கிறது.