புள்ளி ஆடு வளர்ப்பு: பொலிகிடா வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் உள்ள ஐயம்பேட்டை, பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே தறியில் ஜக்கார்டு அட்டையைக் கோத்துவிட்டால், சேலையின் முதல் புட்டாவும் கடைசிப் புட்டாவும் இழை பிசகாமல் ஒன்றுபோல் விழும். செம்மறி வளர்ப்போர் சிலர் ஆட்டையும் இப்படியே நினைத்துவிடுகிறார்கள். புள்ளிக் கிடா ஒன்றைக் கூடுதல் விலைக்கு வாங்கி மந்தையில் விட்டால், குட்டிகள் எல்லாம் புள்ளியோடு பிறக்கும் என்பது அவர்கள் எண்ணம். ஆட்டின் உடலில் அட்டை கிடையாது.

இப்பகுதிக்கு உரிய இனம் சென்னைச் சிவப்பு. வெளிர் பழுப்பு முதல் அடர் சிவப்பு வரை நிறம் இருக்கும். நெற்றியிலும் தொடையின் உட்புறத்திலும் அடிவயிற்றிலும் சிலவற்றுக்கு வெள்ளை காணும். இது கலப்பு அல்ல, இனத்திலேயே உள்ளது. உடல் முழுதும் திட்டுத்திட்டாக இருக்கும் செம்மறி வேண்டுமானால் தெற்கே தூத்துக்குடி மாவட்டத்து வேம்பூர் ஆட்டைத்தான் பார்க்க வேண்டும். கரந்தை ஆடு என்றும் சொல்வார்கள். வெள்ளை உடலில் ஒழுங்கில்லாத சிவப்புத் திட்டுகள். வெள்ளாட்டில் அதே சீமையின் கொடி ஆடு உண்டு; வெள்ளையில் கறுப்புத் திட்டு உள்ளது கரும்போரை, சிவப்புத் திட்டு உள்ளது செம்போரை.

புள்ளி எப்படி உண்டாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். நிறம் தரும் உயிரணுக்கள் கருவின் முதுகுப் பக்கத்தில் தோன்றி, பக்கவாட்டில் இறங்கி வயிறு, கால், முகம் வரை பரவுகின்றன. அவை போய்ச் சேராத இடம் வெள்ளையாக நின்றுவிடும். அடிவயிறும் குளம்படியும் நெற்றியும் முதலில் வெள்ளையாவது இதனால்தான். பரவும் வேகத்தைக் குறைப்பது பரம்பரை; எந்த இடத்தில் நின்றுபோகும் என்பதோ பெரும்பாலும் தற்செயல். ஒரே பசுவின் உயிரணுவிலிருந்து குளோனிங் முறையில் பிறந்த ஹோல்ஸ்டீன் கன்றுகளுக்குக்கூடத் திட்டுகள் ஒரே இடத்தில் அமையவில்லை. ஆகவே புள்ளி உண்டா இல்லையா என்பதற்குத்தான் தேர்வு செய்யலாமே தவிர, இந்த இடத்தில் இவ்வளவு பெரிய புள்ளி என்று கேட்டு வாங்க முடியாது.

அடுத்தது, அந்தக் குணம் வெளிப்படையானதா, மறைந்து நிற்பதா என்பது. இதைக் கிடாவின் தோலைப் பார்த்துச் சொல்ல இயலாது, குட்டிகள்தான் சொல்லும். புள்ளிக் கிடாவை முழுச்சிவப்புப் பெட்டைகளுடன் சேர்த்து, குட்டிகளில் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ புள்ளியானால் அது வெளிப்படையான குணம். எல்லாமே சிவப்பாகப் பிறந்தால் கிடா வீண் என்று விற்றுவிடக் கூடாது. குணம் மறைந்து நிற்கிறது என்று பொருள். அந்தப் பெட்டைக் குட்டிகளை வளர்த்து, உறவில்லாத வேறொரு புள்ளிக் கிடாவுடன் சேர்த்தால் பாதிக் குட்டிகள் புள்ளியாக வரும். கணக்கைப் பாருங்கள்: முதல் சினைக்கு 5 மாதம், பெட்டைக் குட்டி சேர்க்கைக்குத் தயாராக 18 மாதம், அதன் சினைக்கு 5 மாதம். ஆக 28 மாதம். இவ்வளவு காலம் பொறுக்க முடியாதவர் இதில் இறங்க வேண்டாம்.

அவசரத்தில் பலர் செய்வது, அதே கிடாவை அதன் மகள்களுக்கே சேர்ப்பது. புள்ளி வரும், உடன் எடை குறைந்த, சீக்கிரம் சாகும் குட்டிகளும் வரும். ஒரு கிடாவை இரண்டு ஆண்டுக்கு மேல் மந்தையில் வைக்கக் கூடாது.

பல வீட்டு ஆடுகள் ஏரிக்கரையில் ஒன்றாக மேயும் ஊரில் இந்தக் கணக்கு எதுவும் பலிக்காது. பிறர் கிடாவுக்கு உண்டான குட்டியை வைத்து நம் கிடாவை எடைபோட நேரிடும். மற்றக் கிடாக்களுக்கு வயிற்றில் சாக்குத்துணி கட்டியாவது, சேர்க்கைப் பருவத்தில் பெட்டைகளைப் பிரித்து மேய்த்தாவது தந்தை யார் என்பதை உறுதி செய்ய வேண்டும்.

புள்ளியின் மேல் மோகம் நம் நாட்டில் மட்டும் இல்லை. பெரு நாட்டு ஆண்டீஸ் மலைகளில் அல்பாக்கா என்ற, ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த, கம்பளி தரும் பிராணி உண்டு. எந்தச் சாயமும் ஏறும் என்பதால் ஆலைகள் வெள்ளைக் கம்பளியையே விரும்பின. மற்ற நிறங்கள் அருகிப்போயின. (காஞ்சிபுரத்துச் சாயக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை.) பின்னாளில் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வளர்ப்போர் திட்டும் புள்ளியும் தேடி இணைசேர்த்தார்கள். முகம் வெளுத்த சாம்பல் நிற அல்பாக்காவை வெள்ளை பரப்பும் வேறொரு குணம் உள்ளதுடன் சேர்த்தபோது, சில குட்டிகள் நீலக்கண்ணோடு முழு வெள்ளையாகப் பிறந்தன. அவற்றில் பல செவிடு. நிறம் தரும் உயிரணுக்கள் உட்காதுக்கும் தேவை. அவை அங்கே போய்ச் சேராவிட்டால் கேட்கும் திறன் இராது. நம் செம்மறிக்கும் இப்படியே ஆகும் என்பதல்ல. வெள்ளை மிகுந்த குட்டி பிறந்தால், பின்னாலிருந்து கை தட்டி அது திரும்புகிறதா என்று பார்ப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

நம் ஊரில் மெய்யான தொல்லை வெயிலும் உண்ணிச்செடியும். உண்ணிச்செடியைத் தின்ற ஆட்டுக்கு ஈரல் கெட்டு, வெயில் பட்டதும் நிறமில்லாத தோல் சிவந்து வெடித்துப் புண்ணாகும். மூக்கு, காது, மடி ஆகிய இடங்களில் முதலில் தெரியும். நிறமுள்ள தோல் பெரும்பாலும் தப்பிவிடும். ஆகவே புள்ளிக் கிடா வாங்கும்போது கண்ணைச் சுற்றியும் மூக்கிலும் தோல் கருத்திருப்பதாகப் பார்த்து வாங்குவது நல்லது. புண் கண்டால் ஆட்டை உடனே நிழலில் கட்டி, அந்த மேய்ச்சலை நிறுத்தி, கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கறிக்கடைக்காரர் தோலை நிறுத்து விலை பேசுவதில்லை. பத்துக் கிடாக்குட்டியில் எடையால் ஒன்றைத் தேர்ந்தால் பத்தில் சிறந்தது கிடைக்கும். அவற்றில் மூன்றுதான் புள்ளி என்றால், மூன்றில் சிறந்தது மட்டுமே கிடைக்கும். அதைவிடக் கனத்த முழுச்சிவப்புக் குட்டி சந்தைக்குப் போய்விடும். ஆண்டுதோறும் இப்படிக் கழித்தால் மந்தையின் எடை இறங்கும். சென்னைச் சிவப்பு பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும்; தேர்வுக்குக் கிடைப்பதே கொஞ்சம். ஆதலால் முதலில் எடையால் பாதியைக் கழித்துவிட்டு, மீதியில் புள்ளியைத் தேடலாம்.

குட்டி பிறந்த அன்றும், 3-ஆம் மாதமும், 6-ஆம் மாதமும் நிறுத்து, தாய், தந்தை, திட்டுள்ள இடம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். சென்னைச் சிவப்பு இனம் பற்றிய ஆலோசனைக்குக் காட்டுப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம். போகும்போது அந்த நோட்டையும் கொண்டு போவது நல்லது.