நத்தார் விருந்து: முதலில் ஆட்களை எழுதுவோம், பிறகு கறிகளை எழுதுவோம்



திருவருகைக் காலம் தொடங்கியதும் நம் வீடுகளில் ஒரு கடதாசித் துண்டு வெளியே வரும். புரியாணி, கோழி, ஆட்டிறைச்சி, கட்லட், கேக், வட்டிலப்பம் என்று பட்டியல் நீளும். பெருவிழாவன்று அத்தனையும் மேசைக்கு வந்துவிடும். ஆனால் சமைத்த தாய் நள்ளிரவுத் திருப்பலியில் கண்ணயர்ந்திருப்பார், அல்லது திருப்பலிக்கே வந்திருக்கமாட்டார். பக்கத்து வீட்டுக்கு அனுப்பிய தட்டு தொடப்படாமல் இருக்கும். தை மாதம் கடைக் கணக்கு வாசலில் வந்து நிற்கும்.

இந்த மூன்று குறைகளுக்கும் காரணம் ஒன்றே. என்ன சமைப்பது என்று முதலில் எழுதுகிறோம். யார் சாப்பிடப் போகிறார்கள் என்று எழுதுவதில்லை. ஆகவே இவ்வாண்டு கடதாசியின் தலைப்பில் முதலில் ஆட்களின் பெயர்களை எழுதுவோம். லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் விருந்துக்கு யாரை அழைப்பது என்று ஆண்டவர் கூறுவதை வாசித்துவிட்டு எழுதினால் இன்னும் நன்று.

1. அயலவர் உண்ணக்கூடிய உணவு

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று நீளும் இந்தக் கரையில் நம் அயலவர் பெரும்பாலும் முஸ்லிம்கள். பாண்டிருப்பு, காரைதீவுப் பக்கம் இந்துக்கள். 1990இலும் 2019இலும் நடந்தவை வேலியின் இருபுறத்திலும் மனங்களைக் காயப்படுத்தின. அதன் பின்னும் ஒரு தட்டு வேலியைக் கடந்து போகிறதென்றால் அது சிறிய காரியமன்று. அந்தத் தட்டில் இருப்பதை அவர்கள் நிம்மதியாக உண்ண வேண்டும்.

முஸ்லிம் அயலவருக்கு: இறைச்சி அவர்கள் முறைப்படி அறுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். முஸ்லிம் சகோதரரின் கடையில் வாங்குங்கள். இந்தக் கரையில் அது தேடி அலைய வேண்டிய காரியமன்று. கேக்கில் வைனோ பிரண்டியோ சேர்க்க வேண்டாம். பன்னீரும் ஏலமும் போதிய வாசம் தரும். கடையில் விற்கும் ஜெலி விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் செய்யப்படுவதுண்டு. அதற்குப் பதில் கடற்பாசி காய்ச்சுங்கள். உங்கள் வீட்டில் பன்றி இறைச்சி சமைக்கும் வழக்கம் இருந்தால் அந்தச் சட்டியையும் கரண்டியையும் இதற்கு எடுக்க வேண்டாம். "இறைச்சி இன்ன இடத்தில் வாங்கியது, கேக்கில் மது இல்லை" என்று அவர்கள் கேட்குமுன் நீங்களே சொல்லிவிடுங்கள். அப்படியும் ஒருவர் வேண்டாமென்றால் மனத்தாங்கல் கொள்ளாமல் பழங்களை அனுப்புங்கள்.

இந்து அயலவருக்கு: மாட்டிறைச்சி ஆகாது. அத்துடன் நத்தாரை ஒட்டியே திருவெம்பாவைக் காலமும் வருவதால் பல வீடுகளில் மச்சம் சேர்க்கமாட்டார்கள். அவர்களுக்கு முட்டை சேராத பயத்தம் பணியாரம், முறுக்கு, வாழைப்பழம் தகும்.

நாளையும் பாருங்கள். 2026இல் நத்தார் வெள்ளிக்கிழமையில் வருகிறது. பெருவிழாவாதலால் அன்று நமக்குப் புலால் தவிர்க்கும் கடமை இல்லை. திருச்சபைச் சட்டம் 1251 அதைத் தெளிவாக்குகிறது. ஆனால் நண்பகலில் முஸ்லிம்கள் ஜும்ஆத் தொழுகையில் இருப்பார்கள். அழைப்பதானால் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் அழையுங்கள். 1998, 1999, 2000 ஆகிய ஆண்டுகளில் நத்தார் நோன்பு மாதத்தினுள் வந்தது; 2031இலும் 2032இலும் மீண்டும் அவ்வாறே வரும். அப்போது தட்டு போக வேண்டிய நேரம் நோன்பு திறக்கும் மாலை வேளை.

2. கைக்கு அடங்கிய செலவு

மார்கழியில் பெரும்போக வயல் பச்சையாக நிற்கும். அறுவடை மாசி, பங்குனியில்தான். வாடைக்காற்றில் கடல் கொந்தளிப்பதால் மீன் வரத்தும் குறைவு. அதாவது விவசாயியின் கையிலும் மீனவரின் கையிலும் காசு குறைந்த மாதத்திலேயே நமக்குப் பெருவிழா வருகிறது. எனவே நகையை அடகு வைத்து இரண்டு இறைச்சிக் கறி வைப்பதைவிட, ஒரே இறைச்சிக் கறியை நன்றாக வைப்பது மேல். அரிசி, தேங்காய், முட்டை, மரக்கறி ஆகியவற்றில் வீட்டில் உள்ளவற்றை முதலில் குறியுங்கள். மிஞ்சியதை மட்டும் வாங்குங்கள்.

பத்துப் பேருக்கு ஒரு பட்டியல்:

மஞ்சள் சோறு: சம்பா அரிசி 1½ கிலோ. ஒரு பேணி அரிசிக்கு இரண்டு பேணி அளவில் தண்ணீர்ப்பால். பழைய அரிசி சற்றுக் கூடுதலாகக் கேட்கும். மஞ்சள், கறுவா, ஏலம், கராம்பு, இரம்பை.
கோழிக்கறி: 2 கிலோ.
கத்தரிக்காய் பொரித்த கறி: ¾ கிலோ.
பருப்புப் பாற்கறி: மைசூர்ப் பருப்பு 300 கிராம்.
சலாது: வெள்ளரிக்காய், தக்காளி, வெங்காயம், தேசிப்புளி.
அச்சாறு: சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கரட், பேரீச்சம்பழம், கடுகு, வினாகிரி.
வட்டிலப்பம்: முட்டை 10, கித்துள் கருப்பட்டி ½ கிலோ, கட்டித் தேங்காய்ப்பால் 400 மில்லிலீற்றர், ஏலம், சாதிக்காய். முட்டை விலை ஏறியிருந்தால் எருமைத்தயிரும் கித்துள் பாணியும் போதும். அதற்கு அடுப்பே வேண்டாம்.

வட்டிலப்பம் முஸ்லிம் வீடுகளின் பெருநாள் மேசையில் இருப்பது. நம் மேசைக்கும் வந்துவிட்டது. குசினி, மேசை, பாண், ஏன் நத்தார் என்ற சொல்லுமே போர்த்துக்கேயரிடமிருந்து வந்தவை. நம் விருந்து ஏற்கெனவே பல வீடுகளின் விருந்துதான்.

3. தாய்க்கும் பெருவிழா

வேலையை நாட்களுக்குப் பங்கிடுங்கள்.

20ஆம் திகதி: அச்சாறு போட்டுப் போத்தலில் அடையுங்கள்; சில நாள் ஊறினால் சுவை கூடும். மழைக்கு விறகு நனையாமல் இன்றே உள்ளே எடுத்து வையுங்கள்.
21, 22: கேக், முறுக்கு, பயத்தம் பணியாரம்.
23: கறித்தூள் வறுத்து இடித்தல், அரிசி துப்புரவாக்குதல், வீடு கூட்டல்.
24 காலை: வெங்காயம் உரித்தல். பிற்பகல் வட்டிலப்பம் அவித்து, ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தல். பெட்டி இல்லாத வீட்டில் தயிரே நல்லது. மாலை நான்கு மணிக்குக் குசினி மூடப்பட வேண்டும்.
25 காலை: கோழி, பருப்பு, கத்தரிக்காய், கடைசியாகச் சோறு. சலாது சாப்பிடும் வேளையில்.

தேங்காய் துருவுவதும் வெங்காயம் உரிப்பதும் ஆண்களும் பிள்ளைகளும் செய்யக்கூடிய வேலைகள். பட்டியலில் ஒவ்வொரு வேலைக்கு நேரேயும் ஒருவர் பெயரை எழுதுங்கள். தாயின் பெயர் எல்லா வரிகளிலும் வந்தால் பட்டியலைத் திருத்துங்கள்.

மிஞ்சிய உணவில் கவனம் தேவை. சமைத்த சோற்றையும் தேங்காய்ப்பால் கறியையும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைக்க வேண்டாம். கெட்ட சோற்றில் உண்டாகும் நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் போகாது. ஏழை வீட்டுக்கோ முதியவருக்கோ கொடுக்கும் பங்கை, நாம் உண்ணுமுன் சூடாகவே எடுத்து அனுப்புங்கள். அது மிச்சமாக அல்லாமல் பங்காகப் போய்ச் சேரும்.

4. மறுநாள்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. நத்தார்ப் பலகாரம் முடியுமுன்னே கடல் ஊருக்குள் வந்தது. இலங்கையிலேயே கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று அலை மதம் பார்க்காமல் எடுத்துச் சென்றது. ஆகவே இந்தக் கரையில் நத்தார்ப் பட்டியலில் 26ஆம் திகதிக்கும் ஒரு வரி வேண்டும். ஒரு பானை கஞ்சி, இறந்தவர்களுக்காக ஒரு செபம், உறவை இழந்த ஒரு வீட்டுக்கு ஒரு நடை. அதற்கான அரிசியை முதலிலேயே அளந்து வேறாக எடுத்து வையுங்கள்.

குடும்பமாகக் கலந்து பேச:

நம் பட்டியலில் குடும்பத்துக்கு வெளியே எத்தனை பெயர்கள் உள்ளன?
நம் விருந்தில் அயலவர் உண்ண முடியாதது எது? அதை மாற்ற முடியுமா?
24ஆம் திகதி இரவு நம் வீட்டில் யாராவது அடுப்படியில் நின்றுவிடுவார்களா?