லித்தியத்துக்கு ஏன் இவ்வளவு பயம்?

"காலையில் சிரிக்கிறாள், மாலையில் எரிந்து விழுகிறாள். பைபோலார்தான்!"

அது மனுஷ சுபாவம். பைபோலார் எனப்படும் இருமுனை மனநிலைக் கோளாறில் மனநிலை மணிக்கொரு தரம் மாறுவதில்லை. மேனியா என்றால் பொதுவாக ஒரு வாரமாவது நீடிக்கும். மனச்சோர்வு என்றால் இரண்டு வாரமாவது. இடையில் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூட எல்லாரையும் போல வேலைக்குப் போய் வருவார்கள்.

"மேனியா என்றால் உற்சாகம்தானே, இருந்துவிட்டுப் போகட்டும்."

இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டுக் களைப்பே இல்லாமல் திரிவது, விடாமல் பேசுவது, நகையை அடகு வைத்து அறியாத தொழிலில் கொட்டுவது, தடுத்தால் கை ஓங்குவது எல்லாம் மேனியாதான். பலருக்கு உற்சாகத்தைவிட எரிச்சலே முந்தி நிற்கும். சிலரிடம் சாமியே பேசும். உடனே குடும்பம் கோயிலுக்கோ தர்காவுக்கோ ஓடும். வேண்டிக்கொள்வதில் தவறில்லை, வைத்தியத்தைத் தள்ளிப்போடாத வரை. தர்காவுக்குப் பேர்போன ஏர்வாடியில் மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அடியோடு தடை செய்கிறது. எங்கே போவதென்று தெரியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

டாக்டரிடம் பெரும்பாலும் சோர்ந்து கிடக்கும்போதுதான் வருகிறார்கள். போன வருஷத்து மேனியா ஆட்டத்தைக் கூட வந்தவர் சொல்லாமல் விட்டால், மனச்சோர்வு மாத்திரை மட்டும் எழுதப்படும். தனியாகக் கொடுத்தால் அது சிலரை மேனியாவுக்குத் தள்ளிவிடும்.

"லித்தியம் மூளையை மழுங்கடிக்கும், பழக்கமாகிவிடும், கிட்னி போய்விடும்."

இந்நோய்க்குத் தரப்படும் லித்தியம் ஓர் உப்பு. போதையும் அல்ல, தூக்க மாத்திரையும் அல்ல. மெல்போர்னில் ஜான் கேட் என்ற மருத்துவர் மேனியா நோயாளிகள் பத்துப் பேருக்குக் கொடுத்துப் பார்த்து, 1949-இல் முடிவுகளை வெளியிட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ மாத்திரைகள் வந்துவிட்டன. இதைத் தள்ளிவைக்க எதனாலும் முடியவில்லை என்றே நினைக்கிறேன். தற்கொலைகள் குறைவதையும் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

கை நடுக்கம், தாகம், எடை கூடுவது உண்டு. சிலர் மந்தமாக உணர்வதும் உண்டு, அளவைச் சரிசெய்யலாம். கிட்னி பயத்தில் பாதி உண்மை இருக்கிறது: நெடுங்காலம் சாப்பிடும் சிலருக்குச் சிறுநீரகமும் தைராய்டும் பாதிக்கப்படலாம். அதனால்தான் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. கடைசி வேளை மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். காலை மாத்திரையை விழுங்கிவிட்டு லேபுக்குப் போனால் கணக்கு தப்பிவிடும். ரத்தத்தில் லித்தியம் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் பொதுவாகச் சரி. 1.5-ஐத் தாண்டினால் நஞ்சு.

அந்த அளவு எப்போது ஏறும்? சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்டும்போது, வயிற்றுப்போக்கில், தண்ணீரும் குடிக்காத விரதத்தில். பிரஷருக்கென்று திடீரென உப்பைக் குறைத்தாலும் ஏறும். மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் மாத்திரைகளும் ஏற்றிவிடும். நடை தள்ளாடி, பேச்சு குழறி, வாந்தியும் பேதியும் வந்தால் அன்றே மருத்துவமனை.

"நல்லாத்தானே இருக்கான், இன்னும் எதற்கு மாத்திரை?"

மாத்திரையால்தான் நல்லா இருக்கான். லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால் மேனியா திரும்பும் ஆபத்து அதிகம். நிறுத்தத்தான் வேண்டுமென்றால் மருத்துவரைக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாக.

"ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் சரியாகிவிடும்."

ஆகாது. கல்யாண வீட்டில் கண் விழிக்கும் இரவுகளே மேனியாவைக் கிளப்பிவிடக்கூடும். பெண்களுக்குப் பிரசவத்தை ஒட்டிய வாரங்கள் மிகவும் ஆபத்தானவை. இந்நோய்க்கே பலருக்கும் தரப்படும் வால்ப்ரோயேட், வயிற்றில் உள்ள குழந்தையின் முதுகுத்தண்டையும் அறிவு வளர்ச்சியையும் பாதிக்கக்கூடியது. கருத்தரிக்கும் முன்பே வேறு மருந்துக்கு மாற வேண்டும்; அதற்கு மாதங்கள் பிடிக்கலாம். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் மாத்திரை போடும் பெண்ணுக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை.